உப்பங்கழிக்கு மேல் ஓர் ஆன்டெனா

எங்கள் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் திருமுருகன் போன மாதம் போனில் அழைத்தார்.

"சார், புதுசா வந்த பசங்களுக்கு ஒரு கையேடு போடறோம். வெளியில மாட்டற ஆன்டெனாவ எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஒரே பக்கம் சார். அதுக்கு மேல எவனும் படிக்க மாட்டான்."

இப்போதெல்லாம் கணினியில் இரண்டு இடங்களைத் தொட்டால் போதும். அதுவே மேடு பள்ளம் பார்த்து, தூரம் கணக்கிட்டு, இந்த ஆன்டெனா, இந்த உயரம் என்று சொல்லிவிடுகிறது. பிறகு நான் எதற்கு என்று கேட்டேன். "அது சொல்லுது சார். ஏன் சொல்லுதுன்னு கேட்டாதான் வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றார். பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் சரியாக இருந்தது, யாருக்கும் உபயோகப்படாது என்றும் தெரிந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் முடியாது. படிக்கிறவர் படிக்கட்டும்.

என் பெயர் ஏகாம்பரம். சொந்த ஊர் படாளம். செங்கல்பட்டில் வயர்லெஸ் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தேன். ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்த முதல் ஐந்து வருஷம் கம்பம் ஏறுவது, கேபிளுக்கு முனை கட்டுவது, இறங்குவது, அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். கேபிளைக் கருவிக்குள் நுழைப்பதற்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். மழைத் தண்ணீர் கேபிள் வழியாக ஓடிவந்து அந்த வளைவில் சொட்டிவிடும். இதை ஒரு மழைக்காலத்தில் மறந்தேன். பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. அதற்குப் பிறகு மறக்கவில்லை.

ஆன்டெனா என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் பெரியதுதான் பிடிக்கும். பட்டியலைப் புரட்டி, எதன் எதிரே டெசிபல், அதாவது சிக்னலைக் கூட்டித் தரும் பலம், அதிகமாகப் போட்டிருக்கிறதோ அதைக் காட்டி "இது வாங்கிடலாம் சார்" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். மாமல்லபுரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் முழுத் தகட்டு டிஷ் ஒன்றை மாட்டினேன். இருந்ததிலேயே பெரியது. பெரிய டிஷ்ஷின் கதிர் மெல்லியது, விரல் அளவு திரும்பினாலும் குறி தவறிவிடும். முழுத் தகடு காற்றைப் பாய்போல வாங்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அது கம்பத்தோடு திரும்பிக் கடலைப் பார்த்து நின்றது. அலுவலகத்துக்கு வரவேண்டிய சிக்னல் நாலு நாள் கப்பல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நண்பர்கள் என்னை ரொம்ப நாள் "கேப்டன்" என்று கூப்பிட்டார்கள்.

இன்னொரு முறை செய்யூர்ப் பக்கம் ஓர் இணைப்பு. நான் இடம் பார்க்கப் போனபோது நடுவே பரந்த வெளி. எதிர்முனைக் கோபுரம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சின்ன ஆன்டெனா போதும் என்று மாட்டிவிட்டு வந்தேன். மூன்று நாலு வருஷத்தில் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒரு நாள் செத்தே போனது. போய்ப் பார்த்தால் நடுவில் சவுக்குத் தோப்பு. நான் முன்பு போனது பழைய சவுக்கை வெட்டி முடித்த மாதத்தில். நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டு சிரித்தார். "இன்னா சார் பண்றது, சவுக்கு வச்சா வளரத்தான் செய்யும்" என்றார். அவரிடம் முதல் தடவையே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வருஷக் கணக்கோடு சொல்லியிருப்பார்.

இந்த இரண்டும் சிரித்துவிட்டுப் போகிற தப்புகள். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் சந்திரிகா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் உதவிப் பொறியாளர். கோவில்பட்டிக்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார். நாம் சொன்ன வாக்கியத்தையே கேள்வியாக்கி நம்மிடம் திருப்பித் தருவார், அவ்வளவுதான். "மேடம், கேபிள் நல்லா இருக்கு." "கேபிள் நல்லா இருக்கா?" உடனே நமக்கே சந்தேகம் வந்து, திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பாதிக்குப் பாதி அந்தக் கேபிளில் ஏதாவது இருக்கும்.

ஆன்டெனா தேர்வுக்கென்று அவர் ஒரு படிவம் வைத்திருந்தார். அதில் ஐந்து கேள்விகள். எவ்வளவு தூரம்? இடையில் என்ன இருக்கிறது? காற்று எந்தப் பக்கம்? உப்பு எவ்வளவு? பிற்பாடு ஏறப்போவது யார்? டெசிபல் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. ஐந்துக்கும் பதில் எழுதினால் ஆன்டெனா தானாக வந்து நிற்கும் என்பார். கடலோரமா, முழுத் தகடு வேண்டாம், காற்று புகுந்து போகிற மாதிரிக் கம்பி கம்பியாக இருக்கும் கிரிட் ஆன்டெனா போதும். உப்புக் காற்றா, போல்ட்டும் பட்டியும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். கம்பம் உயரமா, கருவியையும் ஆன்டெனா பக்கத்திலேயே மேலே மாட்டு. கீழே வைத்து நீளமாகக் கேபிள் இழுத்தால் ஆன்டெனா சம்பாதித்ததைக் கேபிள் தின்றுவிடும். கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. பிற்பாடு ஏறப்போவது ஐம்பது வயது ஆள் என்றால் ஏணி எப்படி, பிடித்து நிற்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் யோசிக்க வேண்டிவரும்.

இன்னொரு வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். எந்த ஆன்டெனாவை யார் தேர்ந்தெடுத்தாரோ அவர் தன் பெயரை அதன் பின்பக்கத்தில் பெயின்டால் எழுத வேண்டும். கீழே நிற்பவருக்குத் தெரியாது, மேலே ஏறுகிறவர் கண்ணில் மட்டும் படும். வேறு ஒருவர் ஏறித் திருகாணி முடுக்கும்போது நம்மைத் திட்டுவதற்கு வசதி என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

இப்போது அந்தக் கதை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

செய்யூர் வட்டத்தில் கடலோரமாக ஒரு மீனவக் குப்பம். பெயரை எழுதவில்லை, அங்கே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்று உண்டு. அதில் ஒரு சின்ன அறையில் எச்சரிக்கை நிலையம். மாடியில் சைரனும் ஒலிபெருக்கிகளும். காற்று, கடல் சீற்றம் என்று எச்சரிக்கை வந்தால் செங்கல்பட்டுக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பொத்தானை அழுத்தினால் குப்பத்தில் சைரன் ஊத வேண்டும். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் கோபுரம் ஒன்று. கோபுரத்திலிருந்து குப்பத்துக்கு வயர்லெஸ் இணைப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கோபுரம் "இருக்கிறாயா?" என்று கேட்கும், நிலையம் "இருக்கிறேன்" என்று தானாகப் பதில் சொல்லும். பதில் வந்தால் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் பச்சை விளக்கு. வராவிட்டால் சிவப்பு.

இதற்கு இடம் பார்த்தது, ஆன்டெனா தேர்ந்தெடுத்தது, பெயின்டில் பெயர் எழுதியது எல்லாம் நான்தான். கிரிட் ஆன்டெனா. மொட்டை மாடிக்கு மேலே கம்பம் நட்டு உச்சியில் மாட்டினேன். அங்கே நின்று பார்த்தால் குப்பத்தை ஒட்டி மணல்மேடும் தாழம்புதரும், அதற்கு அப்பால் உப்பங்கழி, அதற்கும் அப்பால் கோபுரம். மரமில்லை, கட்டடமில்லை, சவுக்கு நடவும் முடியாது. சவுக்கில் சூடு பட்டவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "இடையில் என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு எதிரே "தடை ஏதும் இல்லை" என்று எழுதினேன். அந்த மாதம் சந்திரிகா மேடம் அப்பாவின் ஆபரேஷனுக்காக விடுப்பில் கோவில்பட்டி போயிருந்தார். படிவம் யாருடைய கேள்வியும் இல்லாமல் மேலே போனது.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ள தேவகி என்ற பெண்ணை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். பிளஸ் டூ படித்தவர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அறைச் சாவி அவரிடம். கூரையில் இருந்த சோலார் தகடுகளைத் துடைப்பது, பேட்டரியைப் பார்ப்பது, மைக்கில் அறிவிப்பது அவர் வேலை. சம்பளம் பெரிதில்லை. ஆனால் அந்த வீட்டில் மாதா மாதம் தேதி தவறாமல் வந்த காசு அது ஒன்றுதான்.

முதல் வருஷம் இணைப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்து, முகத்துவாரத்தில் மணல் மூடிக் கழி வற்றிக் கிடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இரண்டாம் வருஷம் முகத்துவாரம் திறந்தது. சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. நாலைந்து நாள் தொடர்ந்து எரியும், அதுவும் காலையில் எட்டு மணி வாக்கில் ஒரு மணி நேரம், இரவு எட்டு மணி வாக்கில் ஒரு மணி நேரம். பிறகு பத்துநாள் பச்சையாகவே இருக்கும்.

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் சபாபதி இந்த நேரத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார். "காலைல எட்டு மணி மீன் ஏலம். ராத்திரி எட்டு மணி சீரியல். இதுக்கு மேல இன்னா சார் ஆராய்ச்சி? ஆஃப் பண்ணிட்டு ஏலத்துக்குப் போவுது அந்தம்மா. ராத்திரி நம்ம பேட்டரியில டி.வி. ஓடுது."

என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். மூன்று முறை போனேன். ஜீப் கிடைத்துக் கிளம்புவதற்குள் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், நான் போய்ச் சேரும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். பேட்டரி, கேபிள், முனை, ஆன்டெனா குறி எல்லாவற்றையும் அளந்தேன். மீட்டர் மைனஸ் அறுபத்திரண்டு காட்டியது. அந்த எண் சின்னதாக இருந்தால் சிக்னல் சுகம், எண்பத்தைந்தைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும். அறுபத்திரண்டு என்பது எங்கள் பிரிவிலேயே நல்ல எண்களில் ஒன்று. மூன்று முறையும் பதிவேட்டில் "கருவியில் கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் முறை தேவகி வாசலில் நின்று என்னவோ சொல்ல வந்தார். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார், நான் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் தேவகிக்கு நோட்டீஸ் போனது. வேண்டுமென்றே கருவியை நிறுத்திவைத்ததற்காக ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது, பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். கூடவே இணைத்திருந்த ஆதாரம் என் மூன்று கையெழுத்துகள்.

அதன் நகல் மேடத்தின் மேசைக்கு வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம், இதுல என்ன எழுதிருக்கீங்க?"

"கோளாறு இல்லைன்னு எழுதியிருக்கேன் மேடம்."

"கோளாறு இல்லையா?"

"மூணு தடவையும் அளந்தேன் மேடம். சுத்தமா இருக்கு."

"அப்ப சிவப்பு விளக்கு எரிஞ்சது பொய்யா? இல்ல ஆஃப் பண்ணலன்னு அந்தப் பொண்ணு சொல்றது பொய்யா?"

அதுவரை "கோளாறு இல்லை" என்பது யாரையும் தொடாத ஒரு வார்த்தை என்றே நினைத்திருந்தேன். கருவியில் இல்லையென்றால் கோளாறு ஆளிடம் இருக்கிறது என்று நானே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாளே இருவரும் குப்பத்துக்குப் போனோம். தேவகி அறையைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். முகம் வாடியிருந்தது. நோட்டீஸ் விஷயம் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பேட்டரிக் கரண்ட்டை அவர் விற்றுவிட்டதாகக்கூடச் சிலர் பேசினார்களாம்.

நான் வழக்கம்போல மீட்டரை எடுத்தேன். மேடம் எதையும் தொடவில்லை. அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார்.

தேவகி நிமிர்ந்து பார்த்தார். "நெசமா கேக்கறீங்களா மேடம்?"

"நிஜமாத்தான்."

"ஏலத்துக்கு நான் போறது நெசம். ரூம பூட்டிகினுதான் போறேன். சுச்சு மேல கைய வெச்சதே இல்ல. ஆனா இது எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியும் மேடம். அந்த காலண்டர்ல குறிச்சி வெச்சிகீறேன்."

எந்தக் காலண்டர் என்று மேடம் தேடினார். தேவகி என்னைப் பார்த்தார். "அண்ணாத்த, உங்க பைய கொஞ்சம் எடுங்க."

சுவரில் ஓர் ஆணி. அதில் மளிகைக்கடைக் காலண்டர். நான் வந்த மூன்று முறையும், அன்றைக்கு நாலாம் முறையும், என் கருவிப் பையை அந்த ஆணியில்தான் மாட்டியிருந்தேன். பையை எடுத்தேன். மாதம் மாதமாகச் சிவப்புப் பேனாவில் வட்டங்கள். ஒவ்வொரு கொத்து வட்டத்துக்கும் நடுவில் அமாவாசையோ பௌர்ணமியோ இருந்தது.

"கழில தண்ணி ஏறி நிக்கசொல்ல நின்னுடும் மேடம். தண்ணி எறங்கினா தானா வந்துடும். அமாவாசையில காலைல எட்டு எட்டரைக்குத் தண்ணி முட்டிகினு நிக்கும். மறுநாளு அதுக்கு முக்காமணி நேரம் கழிச்சு. கடலுக்குப் போறவங்க எல்லார்க்கும் இது தெரியும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "மூணு வாட்டி வந்தீங்க அண்ணாத்த. ஒரு வாட்டி கூட என்ன ஏதுன்னு என்னைக் கேக்கலியே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மேடம் மட்டும் மாடிக்குப் போய்க் கழியைப் பார்த்துவிட்டு வந்தார். "தடை ஏதும் இல்லையா, ஏகாம்பரம்?" என்றார். படிவத்தை எடுத்துப் படித்திருக்கிறார் என்று புரிந்தது.

விஷயம் இதுதான். ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை நேராக ஒரு வழியில் போகிறது. அதோடு தண்ணீரில் பட்டுத் தெறித்து இன்னொரு வழியிலும் போய்ச் சேர்கிறது. ஊஞ்சலை இரண்டு பேர் ஒரே தாளத்தில் தள்ளினால் நன்றாக ஆடும், ஒருவர் மாற்றித் தள்ளினால் நின்றுவிடும். கழியில் தண்ணீர் மூன்றடி ஏறினால் தெறித்து வரும் வழி அரைவிரல் அளவுகூட மாறாது. ஆனால் எங்கள் அலையின் நீளமே மூன்று விரல் அகலம்தான், தாளம் தப்ப அதற்கு அந்த மாற்றம் போதும். மரமும் சுவரும் மட்டுமே தடை என்று பழகிய கண்ணுக்குத் தண்ணீர் வெறும் வெளியாகத் தெரிந்தது. அத்தனை உயரத்தில் மாட்டியதால் தெறிக்கிற இடம் சரியாகக் கழியின் நடுவில் விழுந்தது. உயரம் கூடக்கூட நல்லது என்று நினைத்த என் புத்திசாலித்தனத்தின் பலன் அது.

இதைத் தாளில் எழுதினால் சபாபதி நம்ப மாட்டார். நோட்டீஸுக்குப் பதில் தரும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் அமாவாசை வந்தது. அன்று காலை ஏழு மணிக்கே குப்பத்தில் இருந்தோம். மேடம் செய்த முதல் காரியம் தேவகியிடமிருந்து சாவியை வாங்கியது.

"நீங்க இந்த ரூம்லயே இருக்கக் கூடாது. கழிக்குப் போங்க. அங்கிருந்து போன்ல சொல்லுங்க."

கழியில் படகு கட்டும் துறையில் ஏழு படிகள் இருந்தன. தேவகி வீட்டுக்காரரின் பைக்கில் அங்கே போய் நின்றார். நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டோம். நான் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொன்னேன், மேடம் நோட்டில் எழுதினார். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்தது.

"ரெண்டாம் படி முழுகிச்சு மேடம்."

"மைனஸ் அறுபத்தஞ்சு."

"மூணாம் படி தொட்டுகினு கீது."

"எழுபத்தொண்ணு."

"மூணாம் படி முழுகிச்சு."

"எழுபத்தெட்டு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் தேவகியின் குரல்: "நாலாம் படி போச்சு மேடம்! போச்சு!"

மீட்டரில் எண்பத்தொன்பது. கருவியில் இணைப்பு விளக்கு அணைந்தது. இரண்டு நிமிஷத்தில் மேடத்தின் இன்னொரு போன் அடித்தது. சபாபதி.

"மேடம், பாத்தீங்களா? மறுபடியும் செவப்பு! ஆஃப் பண்ணிட்டு ஏலத்துக்குப் போயிட்டாங்க!"

"ஆஃப் பண்ணிட்டாங்களா?" என்றார் மேடம். "அவங்க மூணு கிலோமீட்டர் தள்ளி நிக்கிறாங்க சார். ரூமுக்குள்ள நான்தான் உக்காந்திருக்கேன். சாவி என் கையில இருக்கு. நோட்டீஸ எனக்கு அனுப்புங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டே முக்கால் மணிக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விளக்கு தானாக எரிந்தது.

அன்று மாலை அலுவலகத்தில் விளக்க அறிக்கை எழுதினேன். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மேற்பார்வையாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அதனால் "கழியின் நீர்மட்டம் உயர்வதாகிய இயற்கைக் காரணத்தால் இணைப்பு தடைப்பட்டது" என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மேடம் படித்தார்.

"இயற்கைக் காரணமா?" என்றார்.

தாளை வாங்கிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். தண்ணீர் ஏறுவது இயற்கைதான். அதைப் பார்க்காமல் "தடை ஏதும் இல்லை" என்று எழுதியது இயற்கை இல்லை. புதுத் தாள் எடுத்தேன். இடம் பார்த்தது நான், உயரம் முடிவு செய்தது நான், கழியைக் கணக்கில் எடுக்காதது என் தவறு, நிலையப் பொறுப்பாளர் சொல்ல வந்ததைக் கேட்காமல் மூன்று முறை கோளாறு இல்லை என்று சான்று தந்ததும் என் தவறு, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலாவது கையெழுத்து. அதை மேடம் கேள்வியாக்கவில்லை.

நோட்டீஸை ரத்து செய்தார்கள். சபாபதி குப்பத்துக்கு நேரில் போய் அந்தக் கடிதத்தைத் தேவகி கையில் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன், அந்த மட்டில் அவர் நல்ல மனுஷன். பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அதில் என் பெயர் இல்லை. இதுதான் காரணமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வருஷப் பட்டியலில் வந்தது.

ஆன்டெனாவை மாற்றவில்லை. தேர்வு சரிதான், மாட்டிய இடம்தான் தப்பு. உச்சிக் கம்பத்திலிருந்து ஒன்பது மீட்டர் இறக்கி முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினோம். உயரம் குறைந்ததும் தெறிக்கிற இடம் கழியை விட்டு நகர்ந்து, குப்பத்தை ஒட்டிய தாழம்புதர் மேல் வந்து விழுந்தது. புதரும் மணல்மேடும் அலையைத் தாறுமாறாகச் சிதறடித்துவிடும், எதிர்முனைக்குத் தொந்தரவு வராது. அடுத்த பௌர்ணமிக்குத் தேவகி மறுபடியும் துறைக்குப் போய் நின்றார். ஐந்தாம் படி முழுகியபோதும் மீட்டர் அறுபத்தாறுக்கு மேல் போகவில்லை. அந்த மழைக்காலத்தில் இரண்டு முறை சைரன் ஊத வேண்டிவந்தது. இரண்டு முறையும் ஊதியது. படகுகள் கரையில் இருந்தன.

படிவத்தில் ஆறாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது: அங்கே இருப்பவர் என்ன சொன்னார்? திருமுருகன், உங்கள் கணினி இந்த ஒன்றை மட்டும் கேட்காது. மீதி ஐந்தையும் அது என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது குப்பத்தை எட்டிப் பார்த்தேன். இப்போது நிலையத்துக்குக் கேபிள் வந்துவிட்டது. தேவகிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அறையில் ஏ.சி.கூட இருக்கிறது. கழற்றிய பழைய ஆன்டெனா எங்கே என்று கேட்டேன். கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

மணலில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். அதன்மேல் என் கிரிட் ஆன்டெனா கவிழ்ந்து கிடந்தது. கம்பிகளுக்கு நடுவே வெயிலும் காற்றும் நன்றாகப் போகிறது, காக்கை மூக்கு மட்டும் போகவில்லை. சுற்றிலும் நாலு காக்கைகள் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தன. பின்பக்கப் பட்டியில் "க. ஏகாம்பரம்" என்று என் கையெழுத்தில் வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருந்தது.

"பரவாயில்லையே, நல்லா உழைக்குதா?" என்றேன்.

தேவகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு கோளாறும் இல்ல அண்ணாத்த. வேணும்னா நீங்களே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. ஆனா மொதல்ல அந்தக் காக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க."